சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு

"சுத்திச் சுத்திக் கிளம்பின இடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு மாமா இவ்வளவு பெட்ரோல்?"

கேட்டவள் அக்கா மகள். நான் ஃபார்முலா ஒன் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜரைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள், இதைக் கேட்டாள், சார்ஜர் கிடைத்ததும் உள்ளே போய்விட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. நின்றிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவள் போய்விட்டதால் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. அதற்கப்புறம் எந்தப் பந்தயம் பார்த்தாலும் பத்தாவது சுற்று வாக்கில் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

என்னிடம் தயார் பதில் இல்லாமல் இல்லை. பந்தயத்தில் இன்று கண்டுபிடிப்பது நாளை உங்கள் வண்டிக்கு வரும் என்று ரசிகர்கள் காலம் காலமாகச் சொல்வோமே, அது ஒன்று. அதை நானே இப்போது பாதிதான் நம்புகிறேன். இன்னொன்று கையில் கணக்கோடு இருந்தது. 2019 நவம்பரில் ஃபார்முலா ஒன் தன் கார்பன் கணக்கை வெளியிட்டது. 2018 சீசன் முழுவதற்கும் 2,56,551 டன் கரியமில வாயு. அதில் பந்தயக் கார்கள் எரித்த எரிபொருளின் பங்கு வெறும் 0.7 சதவீதம். இரண்டு நாள் கழித்து இதைப் பெருமையாக அவளிடம் சொன்னேன்.

"அப்போ மீதி 99.3?"

சொன்னேன். கார்களையும் கருவிகளையும் விமானத்திலும் கப்பலிலும் லாரியிலும் ஊர் ஊராகக் கொண்டுபோவது 45 சதவீதம். ஆட்கள் பயணம் 27.7. தொழிற்சாலைகள், அலுவலகங்கள் 19.3. பந்தயம் நடக்கும் இடத்துச் செலவு 7.3. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ காரைப் பச்சையாக்கி என்ன புண்ணியம்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்களே, அப்படி ஆகிவிட்டது எனக்கு. கார் எரிப்பது அற்பம் என்றால் எரிப்பதில் பெரிய பாவமில்லை, சரி. ஆனால் அதே கணக்கில், மாற்று எரிபொருள், ஹைப்ரிட், பேட்டரி என்று கார்களைப் போட்டுப் படுத்துவதிலும் பெரிய புண்ணியமில்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு? இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லத் தெரியாமல் போன பதிலைத் தேடுவதுதான். அதற்கு முதலில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமாவின் காது

எனக்குப் பந்தயப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் என் தாய்மாமன். அவருக்குப் பந்தயம் என்பது பாதிக்கு மேல் காது விஷயம். திரையைப் பார்க்காமலேயே இது ஃபெராரி, இது ஹோண்டா என்று சொல்வார். பாதி தடவை தப்பாகச் சொல்வார், ஆனாலும் சொல்வார்.

2014 மார்ச், மெல்போர்ன். புது விதிகளின் முதல் பந்தயம். நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றி அலறிய 2.4 லிட்டர் வி8 இன்ஜின்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 1.6 லிட்டர் டர்போ வி6, அதோடு இரண்டு மின் மோட்டார்கள் என்று ஹைப்ரிட் வந்திருந்தது. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருளுக்கு மேல் கிடையாது, எந்த நொடியிலும் மணிக்கு 100 கிலோ என்ற வேகத்துக்கு மேல் இன்ஜினுக்குள் பாயவும் கூடாது. விளக்குகள் அணைந்தன, கார்கள் கிளம்பின. மாமா, "டேய், சத்தத்தைக் கூட்டு" என்றார். கூட்டினேன். "இன்னும்." திரையில் அந்தப் பட்டை கடைசி வரை போய் முட்டிக்கொண்டு நின்றது. "டிவி கெட்டுப்போச்சாடா?"

டிவி கெடவில்லை. டயர் கிறீச்சிடுவது கேட்டது, கூட்டத்தின் கூச்சல் கேட்டது. இன்ஜின் சத்தத்துக்கு அடியில் இப்படியெல்லாம் சத்தம் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். மாமா அதைத் தையல் மிஷின் என்றார். அவர் மட்டுமில்லை, மெல்போர்ன் பந்தயத்தை நடத்திய ரான் வாக்கரே சத்தம் போதவில்லை என்று வெளிப்படையாகக் குறைபட்டார். மே மாதம் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸ் தன் புகைபோக்கி முனையில் நாகஸ்வரத்து அணசு மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்தது. பார்க்கத்தான் நாகஸ்வரம், சத்தம் ஏறவில்லை.

மாமாவின் கட்சி எளிமையானது. "வாணவேடிக்கைன்னு கூப்பிட்டுட்டு, மருந்தை மிச்சம் பிடிக்கிறேன்னு சொன்னா எவன்டா வருவான்?" பந்தயம் என்றாலே கொஞ்சம் ஊதாரித்தனம், அந்த ஊதாரித்தனத்தைப் பார்க்கத்தான் கூட்டம் சேர்கிறது, சிக்கனம் வேண்டுமானால் பேருந்தில் போ. நான் பல வருடம் இதையே என் கருத்தாகவும் வைத்திருந்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, வாதத்தில் எதிராளியைச் சிரிக்க வைக்கிறது. ஒரே சங்கடம், பந்தயத்தின் சரித்திரம் இதற்கு ஒத்துழைப்பதில்லை.

மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டிய வண்டி மின்சார வண்டி. 1899 ஏப்ரல் 29, பாரிஸ் பக்கம், பெல்ஜியத்துக்காரர் காமீ ஜெனாட்ஸி. தோட்டா மாதிரி நீண்ட உடம்பு. ஆனால் ஓட்டுநர் இடுப்புக்கு மேல் முழுக்க வெளியே, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி. காற்றைக் கிழிக்க அவ்வளவு பாடுபட்டுவிட்டு ஆளைக் காற்றில் நட்டு வைத்திருந்தார்கள்! 105.88 கிலோமீட்டர் வேகம். 1906-இல் டேடோனா கடற்கரையில் 200 கிலோமீட்டரைத் தாண்டிய ஃப்ரெட் மேரியட் ஓட்டியது நீராவி வண்டி. பெட்ரோல் அப்புறம்தான் பட்டத்துக்கு வந்தது. அது வந்தபின்பும், எதை எரிப்பது என்பதை யாரும் வேதவாக்காக வைத்திருக்கவில்லை.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தைப் பாருங்கள். 1964-இல் இரண்டாவது சுற்றிலேயே பெட்ரோல் தீயில் எடி சாக்ஸும் டேவ் மெக்டொனால்டும் இறந்தார்கள். அதற்கப்புறம் அங்கே மெத்தனாலுக்கு மாறினார்கள். மெத்தனாலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாம். ஆனால் அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. 1981 பந்தயத்தின் படத்துண்டை ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது. ரிக் மியர்ஸ் எரிபொருள் நிரப்ப பிட்டுக்குள், அதாவது தடத்தை ஒட்டி அணிகள் காரைக் கவனிக்கும் இடத்துக்குள், வருகிறார். குழாய் காரில் சரியாகப் பொருந்துமுன் எரிபொருள் பீறிட்டு அவர்மேலும் மெக்கானிக்குகள்மேலும் தெளிக்கிறது. அடுத்த நொடி எல்லாரும் குதிக்கிறார்கள், கைகால்களை உதறுகிறார்கள், தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள். தீ எங்கேயும் இல்லை. ஒரு பொறி கூடக் கண்ணில் படவில்லை. மனிதர்கள் எரிந்துகொண்டிருக்கிறார்கள். மியர்ஸின் அப்பா ஓடிவந்து அணைத்தார். உயிர் தப்பிய மியர்ஸ் அதற்குப் பிறகும் அங்கே மூன்று முறை ஜெயித்தார், அது வேறு கதை. அந்தப் பந்தயம் இடம்பெறும் இண்டிகார் தொடர் 2007-இல் முழு எத்தனாலுக்கு மாறியது, 2023 முதல் கரும்புக் கழிவிலிருந்து எடுத்த எத்தனாலில் ஓடுகிறது. மெத்தனாலுக்குப் போனபோது யாரும் பூமியைக் காப்பாற்றப் போகவில்லை, ஓட்டுநரைக் காப்பாற்றப் போனார்கள். ஆனால் பெட்ரோலை விட்டால் பந்தயத்தின் ஆத்மா போய்விடும் என்று அங்கே 40 வருடம் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

மெக்சிகோவில் கடைசிச் சுற்று

ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் பந்தயம் தொடங்கியபோது மாமாவுக்கு அது வெறும் நகைச்சுவை நிகழ்ச்சி. 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் முதல் பந்தயம். பாதி பந்தயத்தில் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் ஓட்டுநர்கள் பிட்டுக்குள் வந்து, பெல்ட்டைக் கழற்றிக் குதித்து, ஓடிப்போய் இன்னொரு காரில் ஏறிக்கொள்வார்கள். "அந்தக் காலத்துத் தபால் வண்டியில குதிரை மாத்துற மாதிரி" என்றார் மாமா. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஒரு காருக்கு 28 கிலோவாட் மணி மின்சாரம். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 கிலோவாட் மணி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் அந்தப் பேட்டரிக்குள் இருந்தது மூன்று லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான ஆற்றல்தான். இதை நான் கணக்குப் போட்டு மாமாவுக்குச் சொன்ன தினம் அவர் என்மேல் ஒரு தடவை கூடக் கோபப்படவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

2018-19 சீசனில் கார் மாற்றுவது ஒழிந்தது. புது பேட்டரி, 52 கிலோவாட் மணி. பெட்ரோல் கணக்கில் ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 45 நிமிடமும் அதற்கு மேல் ஒரு சுற்றும் அதிலேயே ஓட்டி முடிக்க வேண்டும்.

அந்த சீசனில் 2019 பிப்ரவரி 16, மெக்சிகோ சிட்டி. நாங்கள் நேரலையில் பார்க்கவில்லை. முடிவு தெரியாமல், பதிவு செய்ததை விடியற்காலையில் போட்டோம். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை என்பதால் சத்தத்தை ஏறக்குறைய அடியோடு குறைத்திருந்தேன். மாமா தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்தவர், இந்தப் பந்தயத்துக்காக வந்தவர் இல்லை.

மஹிந்திரா அணியின் பாஸ்கல் வெர்லைன் முதல் இடத்திலிருந்து கிளம்பி, கடைசி வரை முன்னால் இருந்தார். பின்னால் லூகாஸ் டி கிராசி ஒட்டிக்கொண்டே வந்தார். ஃபார்முலா ஈ ஒளிபரப்பில் யாரிடம் எத்தனை சதவீதம் மின்சாரம் மீதியிருக்கிறது என்று எண் காட்டுவார்கள். கடைசிச் சுற்றுகளில் நான் காரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடைசிச் சுற்றில் இரண்டு நிஸான் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் தீர்ந்து சோர்ந்து விழுந்தன. புகை இல்லை, வெடிப்பு இல்லை, நடந்துகொண்டிருந்தவர் மூச்சு வாங்கி நிற்பதுபோல நின்றன. வெர்லைனிடமும் எதுவும் மிச்சமில்லை. கோடு தெரிகிறது. கார் உருண்டுகொண்டிருக்கிறது, ஆனால் இழுவை போய்விட்டது. கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் டி கிராசி பக்கவாட்டில் வந்து, தாண்டி, ஜெயித்தார். 0.210 நொடி வித்தியாசம்.

"தீர்ந்துடுச்சா? டேய், அவனுக்குத் தீர்ந்துடுச்சாடா?"

மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பந்தயத்தில் ஒரு தடவை கூட அவர் சத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. (வெர்லைனுக்கு அதற்கப்புறம் குறுக்கே புகுந்து ஓட்டியதற்காக 5 நொடி தண்டனையும் போட்டு ஆறாவது இடத்துக்குத் தள்ளினார்கள். பட்ட காலிலே படும்.)

அன்று காலை முழுவதும் மாமா ஹாக்கன்ஹைம் கதையைச் சொன்னார். எனக்கு அது மனப்பாடம். 1986 ஜெர்மன் கிராண்ட் ப்ரீ, கடைசிச் சுற்று, அலன் ப்ரோஸ்ட்டின் மெக்லாரன் எரிபொருள் தீர்ந்து கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. ப்ரோஸ்ட் இறங்கித் தள்ளுகிறார். தள்ளியும் கோட்டைத் தொட முடியவில்லை. உலக சாம்பியன், வெயிலில், ஹெல்மெட்டோடு, வண்டி ரிப்பேரான ஆள் மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கிறார். மாமாவின் வாழ்க்கையில் அவர் அதிகமாகச் சொன்ன பந்தயக் கதை இதுதான். அடுத்தது, அதற்கு முந்தைய வருடத்து இமோலா: முன்னால் போன சென்னாவுக்குத் தீர்ந்தது, அப்புறம் முன்னால் வந்த ஜோஹான்சனுக்குத் தீர்ந்தது, முதலில் கோட்டைத் தொட்ட ப்ரோஸ்ட்டை எடை குறைவென்று நீக்கினார்கள், கடைசியில் டி ஆஞ்சலிஸ் ஜெயித்தார்.

இத்தனை வருடம் கேட்ட கதைதான். ஆனால் மெக்சிகோவுக்கு அடுத்தபடியாக அதைக் கேட்டபோதுதான் நான் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்தது. "ஏன் மாமா அவனுக்கெல்லாம் பெட்ரோல் தீர்ந்தது?"

ஏன் என்றால் விதி. 1984-இல் நடுவில் நிரப்பக்கூடாது என்றும் ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர்தான் என்றும் கட்டு வைத்தார்கள். 1986-இல் அது 195 லிட்டர். டர்போ கார்களின் வெறியை அடக்க வைத்த கடிவாளம் அது. சிக்கன விதி. மருந்தை அளந்து கொடுத்த வாணவேடிக்கை. மாமா உயிராய் நினைக்கும் இரண்டு கதைகளும் அந்த அளவுக் கோப்பையிலிருந்து பிறந்தவை.

"அது வேற" என்றார் மாமா.

"எப்படி வேற?"

"அதுல சத்தம் இருந்துச்சு."

அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. ஆனால் எனக்கு ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. ஊதாரித்தனம் எங்களை ஒருநாளும் நாற்காலியிலிருந்து எழுப்பியதில்லை. எழுப்பியது பற்றாக்குறை. இவ்வளவுதான் உன்னிடம் இருக்கிறது, இதற்குள் எவ்வளவு தூரம் போவாய் என்று கேட்டு, அதைக் கோட்டுக்கு முன்னாலேயே தீர்த்துவிடுகிற அபாயத்தையும் கையில் கொடுத்தால், அது பந்தயம். எரிவது பெட்ரோலா பேட்டரியா என்பது இரண்டாம் பட்சம்.

எப்படிச் செய்வது உன் பாடு

இதை இன்னும் அழகாகச் செய்தது லே மான், பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம். 2014-இல் அங்கே முதல் பிரிவுக் கார்களுக்கு வந்த விதியை நான் அந்தக் காலத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. ஃபார்முலா ஒன்னின் சத்தத்துக்காக அழுதுகொண்டிருந்தேன். விதியின் சாரம் இது: ஒரு சுற்றுக்கு இத்தனை மெகாஜூல் ஆற்றல் தருகிறோம். அதை எதில் வைப்பாய், எப்படித் திரும்பப் பிடிப்பாய், எந்த இன்ஜின் போடுவாய் என்பது உன் பாடு.

மூன்று பெரிய கம்பெனிகள் மூன்று திசையில் போயின. ஆடி டீசல் வி6 போட்டு, பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலை ஒரு சுழல்சக்கரத்தில், அதாவது பம்பரம் மாதிரி வேகமாகச் சுற்றும் ஒரு உருளையில், சேமித்தது. டொயோட்டா பெட்ரோல் வி8, அதோடு மின்சாரத்தைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று விடும் சூப்பர் கெப்பாசிட்டர். போர்ஷே நான்கு சிலிண்டர் டர்போவும் லித்தியம் பேட்டரியும். ஒரே கேள்விக்கு மூன்று பதில், மூன்றும் ஏறக்குறைய ஒரே வேகம்! இரவு முழுக்க முன்னால் போன டொயோட்டா விடியும் வேளையில் நின்றது. பிற்பாடு போர்ஷே ஒன்று முன்னால் வந்து அதுவும் நின்றது. ஆடி ஜெயித்தது. அந்தச் சுழல்சக்கர நுட்பத்தைப் பிறகு லண்டன் பேருந்துகளிலும் மாட்டிப் பார்த்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் பிடிக்கிற வண்டி அல்லவா, பொருத்தமான இடம்தான். "பேருந்தில் போ" என்று சொன்ன மாமாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்துபோய்விட்டேன்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், பந்தயத்தில் அளவை ஏமாற்றுவது கஷ்டம். 2014 மெல்போர்னில் டேனியல் ரிக்கியார்டோ தன் சொந்த நாட்டில் இரண்டாவதாக வந்து மேடையேறினார். எரிபொருள் பாய்ந்த வேகம் மணிக்கு 100 கிலோவைத் தாண்டியதென்று அன்றே அவரை நீக்கினார்கள். அளவுமானி தப்பு என்று அணி மேல்முறையீடு போனது, எடுபடவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில், சாலைக் கார்களில் டீசல் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை வைத்த விவகாரத்தில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் மாட்டியது. ஆடி அதே குழுமம். 2006-இல் லே மானில் முதன்முதலாக டீசலில் ஜெயித்து, புகைக்கரி வடிகட்டியும் மாட்டி ஓடி, டீசலுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததும் அவர்களே. 2016-ஓடு ஆடி லே மானை விட்டுப் போனது. பந்தயத்தில் பக்கத்து அணிக்காரன் முறைத்துக்கொண்டே நிற்பான். சாலையில் அப்படி நிற்க ஆளில்லை. பந்தயத்தில் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு இடம் உண்டா என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே உண்டு என்பேன்.

ஆனால் எல்லாப் பச்சையும் பச்சை இல்லை. உலக ராலியில் 2022-இல் ஹைப்ரிட் கொண்டுவந்தார்கள். எல்லா அணிக்கும் ஒரே கம்பெனி செய்த ஒரே பெட்டி. அதைத் திறக்கவோ மேம்படுத்தவோ யாருக்கும் உரிமையில்லை. விலை, எடை, தொல்லை மூன்றும் கூடியது, போட்டி கூடவில்லை. 2025-இல் கழற்றி வைத்துவிட்டார்கள். ஃபார்முலா ஈயிலும் பேட்டரி எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றுதான், ஆனால் அங்கே மோட்டார், இன்வெர்ட்டர், மென்பொருள் அணிகளின் கைவேலை, மீதியை ஓட்டுநர் கால் பார்த்துக்கொள்ளும். மோட்டோ ஈ என்ற மின்சார பைக் பந்தயம் 2019-இல் தொடங்குமுன்பே ஹெரெஸில் கூடாரம் தீப்பிடித்து எல்லா பைக்குகளும் சாம்பல். மறுபடி எழுந்து ஓடியது, 2025-ஓடு நிறுத்தினார்கள். அதில் தொழில்நுட்பம் மோசமில்லை, பார்க்க ஆளில்லை. ஏழெட்டுச் சுற்றில் முடிந்துவிடும் பந்தயத்தில் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் ஓட்டுநருக்கு வருவதில்லை. பற்றாக்குறை காகிதத்தில் இருந்தது, ஓட்டத்தில் இல்லை.

இப்போது எல்லார் வாயிலும் இருப்பது நிலைத்த எரிபொருள், அதாவது பூமிக்கடியிலிருந்து எடுக்காமல் உயிரிக் கழிவிலிருந்தோ கரியமில வாயுவிலிருந்தோ செய்யும் எரிபொருள். 2026 முதல் ஃபார்முலா ஒன் முழுக்க அதில்தான். அதோடு மின் மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறுகிறது, பாதி இன்ஜின் பாதி மின்சாரம் என்ற கணக்கு. எரிபொருள் பாதி மாமாவுக்குப் பிடித்துவிட்டது. 2022-இல் சில்வர்ஸ்டோனில் செபாஸ்டியன் வெட்டல், மான்செல் 1992-இல் ஓட்டிய பழைய வில்லியம்ஸ் காரை அப்படிப்பட்ட எரிபொருளில் ஓட்டிக் காட்டினார். அதே அலறல், அதே வி10. மாமா அந்த வீடியோவை எனக்கு நான்கு தடவை அனுப்பினார். "பார்த்தியா, முடியும்ல!"

முடியும். ஆனால் எனக்கு இதில் முழு உற்சாகம் இல்லை. அதில் ஒரு வகையான செயற்கை எரிபொருள் செய்ய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, கரியமில வாயுவோடு சேர்த்துத் திரவமாக்கி, அதைக் கொண்டுபோய் மறுபடி ஓர் இன்ஜினில் எரிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போய், கிளம்பிய மின்சாரத்தில் சிறு பகுதிதான் சக்கரத்துக்கு வந்து சேரும். அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகும். தவிர, டேங்கில் இருப்பது மாறினாலும் ஓட்டுநருக்கோ பொறியாளருக்கோ புதுச் சிக்கல் எதுவும் வருவதில்லை. லேபிள் மாற்றிய பாட்டில்.

இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மகளின் 99.3 திரும்ப வந்தது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டும் விமானத்தைப் பேட்டரியில் ஓட்ட இன்றைக்கு வழியில்லை. பேட்டரியின் எடையே அதை எழும்ப விடாது. அதற்கு இருக்கும் வழி திரவ எரிபொருள்தான், அதே செயற்கை எரிபொருளின் பங்காளி. கார் டேங்கில் 0.7 சதவீதத்துக்காகப் போட்டால் ஒப்புக்குச் சப்பாணி. அதையே செய்யப் பழகி, விலையைக் குறைத்து, சரக்கு விமானத்தில் போட்டால் 45 சதவீதத்தைத் தொடுகிறோம். ஐரோப்பாவுக்குள் சாமான் சுமக்கும் லாரிகளில் சிலவற்றை 2023 முதல் உயிரி டீசலில் ஓட்டுகிறார்கள். சரியான திசை, ஆனால் யாரும் அதைப் பார்த்து எழுந்து நிற்பதில்லை.

எழுந்து நிற்க வைக்கலாம் என்பது என் யோசனை. அவளிடம் போன வாரம் சொன்னேன். மாமாவும் இருந்தார். 2021 முதல் ஃபார்முலா ஒன்னில் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது, முதல் வருடம் 14.5 கோடி டாலர். மீறினால் தண்டனை. எரிபொருளுக்கு வரம்பு உண்டு, டயருக்கு உண்டு, இன்ஜின் எண்ணிக்கைக்கு உண்டு. சாமானுக்கும் ஒன்று வைக்கட்டும். ஒரு சீசனுக்கு ஒரு அணி விமானத்தில் இத்தனை டன்தான் ஏற்றலாம். மிச்சத்தைக் கப்பலில் முன்கூட்டியே அனுப்பு, இல்லாவிட்டால் இல்லாமல் சமாளி. சீசன் கடைசியில் ஓர் அணிக்கு அளவு தீர்ந்துபோய், உதிரி முன்னிறகு இல்லாமல் ஒரு பந்தயத்துக்கு வந்து நிற்கட்டுமே! அந்த ஓட்டுநர் முதல் வளைவில் எப்படித் திரும்புவார் என்று நான் கண்டிப்பாகப் பார்ப்பேன்.

மாமா சிரித்தார். "இமோலா மாதிரி" என்றார். ஒப்புக்கொண்டாரா கிண்டலா என்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "பார்க்க வர்றவங்க கணக்கு அதுல எங்கே மாமா இருக்கு?"

இல்லை. அந்த 2,56,551 டன்னில் ரசிகர்களின் பயணம் சேரவில்லை. லட்சக்கணக்கில் விமானம் ஏறி வருகிறவர்கள் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். இதைச் சொன்னதும் அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் இந்த வருடமாவது ஒரு பந்தயத்தை நேரில் பார்க்கப் போக வேண்டும் என்று அவர் மூன்று மாதமாக டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"என்னை மட்டும் ஒரு தடவை விட்டுடு தாயி" என்றார் மாமா. "சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வந்துடுறேன்."